மிதிவண்டியில் ஒரு சாட்சி

நேரில் கண்டதை உள்ளபடி உரைப்பவனைப் பழந்தமிழ் 'கரி' என்றது. சங்கப் பாடல்களிலும் திருக்குறளிலும் அச்சொல் அப்பொருளில் வழங்கியிருக்கிறது. வடமொழியிலிருந்து வந்து நம்மிடையே நிலைத்துவிட்ட 'சாட்சி' என்னும் சொல்லுக்குள் கண்ணைக் குறிக்கும் 'அக்ஷி' மறைந்திருக்கிறது. கண்ணோடு கூடியவன் என்பது அதன் பொருள். அரபு மொழியில் 'ஷாஹித்' என்கிறோம். அதன் வேர்வினையாகிய 'ஷஹித' என்பதற்கு உடனிருந்தான் என்பதே முதற்பொருள். கண் இருக்க வேண்டும் என்கிறது ஒரு மொழி. ஆள் உடனிருக்க வேண்டும் என்கிறது மற்றொரு மொழி. இரண்டும் கூடினாலன்றிச் சாட்சியம் நிறைவு பெறாது. கண் மட்டும் உடைய ஒரு கருவி கடந்த இரண்டரை ஆண்டுகளாக என் மிதிவண்டியின் கைப்பிடியில் அமர்ந்து என்னோடு பயணம் செய்து வருகிறது. அது கண்டதையெல்லாம் என்ன செய்வது என்னும் கேள்வி என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. அச்சிந்தனையின் பயனையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. 'கேமரா' என்பது 'கமரா' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் சிலர் பெருமையோடு கூறக் கேட்டிருக்கிறேன். அஃது உண்மையன்று. வளைந்த கூரையுடைய அறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இலத்தீனுக்குச் சென்று 'கேமரா' ஆயிற்று. 1604ஆம் ஆண்டில் கெப்ளர் எழுதிய ஒளியியல் நூலில் 'இருட்டறை' என்னும் பொருளில் 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற தொடர் வருகிறது. ஆனால் பொய்ப் பெருமை நமக்குத் தேவையில்லை. மெய்ப் பெருமையே போதுமான அளவுக்கு இருக்கிறது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைஸம், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இருண்ட அறையின் சிறு துளை வழியே ஒளி புகுந்து எதிர்ச்சுவரில் உருக்காட்டும் தன்மையை ஆராய்ந்தார். 'கிதாபுல் மனாளிர்' என்னும் அவருடைய பெருநூல் ஏழு பாகங்களை உடையது. அவற்றுள் மூன்றாம் பாகம் முழுவதும் பார்வை எவ்வாறு பிழைபடுகிறது என்பதைப் பற்றியதே. பார்வையின் இயல்பை அவ்வளவு ஆழமாக ஆராய்ந்த ஒருவர், பார்வையின் பிழைகளுக்கென்றே ஒரு பாகத்தை ஒதுக்கினார் என்பதை வாசக அன்பர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது பயன்படும்.

நான் காயல்பட்டினத்தில் வாழ்கிறேன். ஆறுமுகநேரியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு அரபியும் தமிழும் பயிற்றுவிக்கிறேன். இடைப்பட்ட நாலைந்து கிலோமீட்டர் தொலைவை மிதிவண்டியில் கடப்பதே என் நெடுநாள் வழக்கம். ஐம்பதைக் கடந்த வயதில் இஃது உடலுக்கு நல்லதுதான்; ஆனால் திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் ஓடும் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் தோளை உரசிச் செல்லும்போது வீட்டிலுள்ளோர் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. அவ்வச்சத்தின் காரணமாகவே, பிரிட்டனில் கார்டிஃப் நகரில் வேலை பார்க்கும் என் மருமகன், ஊர் வந்தபோது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேமரா ஒன்றைக் கொண்டுவந்து மிதிவண்டியில் பொருத்திவிட்டார். அவர் தாமும் நாள்தோறும் மிதிவண்டியில் வேலைக்குச் செல்பவர்.

அந்நாட்டில் இக்கருவிக்கு ஓர் ஒழுங்கான பயன் ஏற்பட்டிருக்கிறது. வட வேல்ஸ் காவல்துறை 2016ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டம், சாலையில் செல்லும் பொதுமக்கள் தாங்கள் பதிவுசெய்த படங்களைக் காவல்துறைக்கு அனுப்ப வழி செய்தது. 'ஆபரேஷன் ஸ்னாப்' என்று அதற்குப் பெயர். பின்னர் அது வேல்ஸ் முழுவதும் பரவி, இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் நடைமுறைக்கு வந்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் திருத்தப்பட்ட அந்நாட்டுச் சாலைவிதி நூல், மணிக்கு 30 மைல் வேகம் வரையில் மிதிவண்டியைக் கடப்போர் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்று அறிவுறுத்துகிறது. வேகம் கூடினால் இடைவெளியும் கூடவேண்டும். படம் அனுப்புகிறவர் தமக்கு வேண்டிய நொடிகளை மட்டும் நறுக்கி அனுப்பலாகாது. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதியையும் சேர்த்தே அனுப்பவேண்டும். சாட்சியாக வந்து நிற்கவும் உடன்பட வேண்டும். குற்றஞ்சாட்டும் அறிவிப்பு வண்டியின் பதிவு உரிமையாளருக்கு 14 நாள்களுக்குள் சேரவேண்டும் என்று சட்டம் கூறுவதால் காலந்தாழ்த்தவும் இயலாது. மருமகன் இவற்றையெல்லாம் விளக்கியபோது ஒன்று எனக்குப் புலனாயிற்று. படமெடுப்பது எளிது, எடுத்த படத்துக்குப் பொறுப்பேற்பதே அரிது.

கருவியின் இயல்பையும் சொல்லிவிடுகிறேன். அது நில்லாமல் பதிவு செய்துகொண்டே செல்லும். மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாக மெமரி கார்டில் சேர்த்து வைக்கும். கார்டு நிறைந்ததும் மிகப் பழைய துண்டை அழித்துவிட்டு அவ்விடத்தில் புதியதை எழுதும். அதன் கண் மிக அகன்ற கண். ஆகவே சாலையின் இருபுறமும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். ஆனால் அருகிலுள்ள பொருளும் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். ஒரு முழத்தில் உரசிச் சென்ற பேருந்தும் படத்தில் பார்க்கும்போது நாகரிகமாக விலகிச் சென்றதுபோல் காணப்படும். முன்னோக்கிய கண்ணாதலால் முதுகுப்பக்கம் நடந்தது அதற்குத் தெரியாது. அதனுள் இருக்கும் கடிகாரமோ மின்கலம் தீர்ந்தால் பிந்திவிடும். இப்னுல் ஹைஸம் மூன்றாம் பாகத்தை எழுதியது வீண்போகவில்லை.

கேமரா வந்த முதல் வாரத்தில், அது பதிந்தவற்றை ஓர் இரவு என் வீட்டாரோடு அமர்ந்து பார்த்தேன். சாலையின் இடர்களைக் காண்பதற்கென்று அமர்ந்த நான் கண்டவை வேறு. கடை வாசலில் அண்ணனும் தம்பியும் கைநீட்டிச் சண்டையிட்டுக் கொள்கிறார்கள். மரியாதைக்குரிய ஒருவர் அடகுக்கடையின் படியிறங்கி வருகிறார். மத்ரஸாவில் இருக்கவேண்டிய நேரத்தில் என் மாணவர் இருவர் மைதானத்தில் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கிடையே முடுக்குகள் இருப்பதை அறிந்தோர் பலர். ஒரு முடுக்கிலிருந்து எதிர் முடுக்குக்குத் தெருவைக் கடக்கும் பெண்களும் படத்தில் இருந்தார்கள். முடுக்கின் வாயை நெருங்கும்போது மணியடித்துவிட்டுச் செல்வது என் பழக்கம். என் வீட்டார் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க மணியடிச்சா நாங்க ஒதுங்கிக்கிடுவோம், இந்தக் கண்ணு மணியடிச்சிட்டா வருது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அன்றிரவே அத்துண்டுகளை அழித்துவிட்டேன். மறுநாள் முதல் ஊரின் தெருக்களைத் தாண்டிப் பெருஞ்சாலையில் ஏறும்வரை அக்கண்ணின்மீது ஒரு துணியுறை கிடக்கும்.

மத்ரஸாவில் ஓதிய காலத்தில், சாட்சியம் பற்றிய பாடத்தில் உஸ்தாத் அவர்கள் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று 'தஹம்முல்', அதாவது சாட்சியத்தைச் சுமத்தல். மற்றொன்று 'அதா', அதாவது அதை உரியவரிடம் ஒப்படைத்தல். காண்பது முதலாவது, உரைப்பது இரண்டாவது. இரண்டுக்கும் நிபந்தனைகள் வேறு. கண்டவன் எல்லாவற்றையும் எல்லாரிடமும் உரைக்கவேண்டும் என்பதில்லை. ஒருவருடைய தனிக்குற்றத்தைக் கண்டவன் அதை மூடிவைப்பதே மேல். ஆனால் அடியார்களின் உரிமை, அதாவது ஒரு மனிதன் மற்றொரு மனிதனிடமிருந்து பெறவேண்டிய நியாயம், தன் வாய்ச்சொல்லில் தங்கியிருக்குமானால், அழைக்கப்படும்போது சாட்சி மறுத்தலாகாது. கேமரா சுமக்க மட்டுமே அறியும். எதை ஒப்படைப்பது, யாரிடம் ஒப்படைப்பது, எதைப் புதைப்பது என்று தீர்மானிக்கும் கடமை மனிதன் தலையிலேயே விழுகிறது.

இக்கேள்வியைச் சந்தித்தவர்கள் நாம் மட்டுமல்லர். செக் நாட்டில் ஒருவர் தம் வீட்டைத் தாக்கியோரைக் கண்டுபிடிப்பதற்காகப் பொருத்திய கேமரா தெருவையும் படமெடுத்தது. தெருவைத் தொடர்ந்து பதிவதை வெறும் வீட்டு விவகாரம் என்று கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஜெர்மனியின் உயர்ந்த உரிமையியல் நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அளித்த தீர்ப்பு இன்னும் நுட்பமானது. காரணமின்றி இடைவிடாமல் சாலையைப் படமெடுத்துக் கொண்டிருப்பது தரவுக் காப்புச் சட்டத்துக்கு மாறானது என்றும், ஆயினும் விபத்து வழக்கில் உண்மை துலங்குவதற்கு அப்படத்தைச் சான்றாகக் கொள்ளத் தடையில்லை என்றும் அந்நீதிமன்றம் கூறிற்று. நம் நாட்டிலோ, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்சநீதிமன்ற ஆயம் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் உறுதிசெய்தது. தெருவில் நடப்பவன் தன் மானத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை என்பதே இவற்றின் சாரம் என நான் கொள்கிறேன்.

இவ்வாறு எண்ணித் தெளிந்திருந்த நிலையில்தான் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து மாலையொன்றில் ஒரு விபத்து என் கண்முன் நிகழ்ந்தது. பாடம் முடிந்து நான் வீடு திரும்பிக் கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருபதடி தொலைவில், உப்பளத்தில் வேலை முடித்த முதியவர் ஒருவர் தம் மிதிவண்டியில் சென்று கொண்டிருந்தார். நாள்தோறும் எதிர்ப்படுவதால் ஒருவரையொருவர் அறிவோம். அவர் எனக்கு அண்ணாச்சி, நான் அவருக்கு வாத்தியாரையா. நம் பக்கத்தில் 'குட்டியானை' என்று அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்று என்னை உரசினாற்போல் கடந்து சென்று, அடுத்த நொடியில் தன் இடப்பக்கக் கண்ணாடியால் அவருடைய கைப்பிடியைத் தட்டிற்று. அவர் சாலையில் வீழ்ந்தார். வண்டி சற்றுத் தூரத்தில் நின்றது. பின் விரைந்து மறைந்தது.

108க்குச் செய்தி சொல்லி, ஊர்தி வரும்வரை அவருடைய தலையை என் மடியில் தாங்கியிருந்தேன். தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் தொடை எலும்பு முறிந்திருப்பதாகக் கூறினார்கள். விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவரைத் தொல்லைப்படுத்தலாகாது என்றும், பெயரைக் கூறுமாறு வற்புறுத்தலாகாது என்றும் 2016இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்து, 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலும் அது இடம்பெற்றுவிட்டது. ஆகவே நான் வாய்மூடி வந்திருக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் அங்கிருந்த காவலரிடம் என் பெயரைக் கூறி, படம் ஒன்று இருக்கக்கூடும், மறுநாள் பகலில் காவல் நிலையத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். புதிய பதிவு பழையதை அழித்துவிடும் என்பதால் கார்டை அப்போதே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றிரவு அந்தப் படத்தைத் தனியே அமர்ந்து மும்முறை பார்த்தேன். இரண்டு உண்மைகள் அதில் இருந்தன. வண்டியின் எண் துலக்கமாகத் தெரிந்தது. அதன் பின்புறம் எழுதியிருந்த பெயரைக் கொண்டு, ஓட்டியவன் என்னிடம் ஐந்தாண்டுகள் ஓதிய மாணவன் என்பதும் தெரிந்தது. தந்தை நோயாளி, இரு தங்கைகள், அவ்வண்டியின் தவணை இன்னும் முடியவில்லை. இஃது ஓர் உண்மை. வண்டி நெருங்குவதற்குச் சற்று முன்னர், சாலையோரத்துப் பள்ளத்தைத் தவிர்ப்பதற்காக அண்ணாச்சி திரும்பிப் பாராமலே வலப்புறம் ஒரு முழம் விலகினார் என்பது மற்றோர் உண்மை. முதல் உண்மை எனக்கு வேண்டிய ஒருவனைச் சுட்டது; இரண்டாம் உண்மை எலும்பு முறிந்து கிடக்கும் ஏழையைச் சுட்டது. இரண்டையும் சுமந்திருந்தவன் நான் ஒருவனே.

இஷா தொழுகைக்குப் பின் மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். அவன் விளக்கேற்றாத அறையில் அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் அழுதான். "ஹஜ்ரத், நான் நிறுத்தினேன், கூட்டம் கூடிச்சு, அடிச்சிருவாங்கன்னு பயந்துட்டேன்" என்றான். படத்தை அவனுக்குக் காட்டினேன். விபத்தில் தொடர்புடைய ஓட்டுநர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தாமே தெரிவிக்கவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கூறுவதை எடுத்துச் சொன்னேன். "தம்பி, நாளைக் காலையில் நீயாகப் போ. பகலில் நான் போவேன். நீ போனாலும் போகாவிட்டாலும் நான் போவேன்" என்றேன். அவனுடைய தந்தை படுக்கையிலிருந்து எழுந்து அமர்ந்து, "ஹஜ்ரத், நீங்க ஓதிக்கொடுத்த பிள்ளை, அந்தப் படத்தை அழிச்சிடக் கூடாதா?" என்று கேட்டார். அக்கேள்வியின் பின்னால் ஒரு குடும்பத்தின் அடுப்பு இருந்தது. "வாகனத்துக்குக் காப்பீடு இருக்கிறதல்லவா?" என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றார். "அப்படியானால் அந்த மனிதருக்குச் சேரவேண்டியதைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். வண்டி இன்னதென்று தெரியாமற் போனால் அவருடைய பங்கு மிகவும் சுருங்கிவிடும். அந்தப் பாரம் உங்கள் பிள்ளைமீதும் என்மீதும் காலமெல்லாம் இருக்கும்" என்றேன்.

இதில் கணக்கு ஒன்று உண்டு. நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு. மோதிய வண்டி எதுவென்று கண்டறியப்படாத விபத்துக்கு, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, உயிரிழப்புக்கு 2 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்திலிருந்து கிடைக்கும். அதற்கு முன்னர் அத்தொகைகள் 25,000மும் 12,500மும் ஆகும். வண்டி இன்னதென்று தெரிந்தாலோ, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மருத்துவச் செலவையும், இழந்த கூலியையும், உடற்குறையையும், பட்ட வேதனையையும் எண்ணிப் பார்த்துத் தொகையை வகுக்கும். உப்பளத்தில் நாட்கூலி பெறும் முதியவருக்குக் கால் முறிவதென்பது வாழ்வே முறிவதாகும். ஆகவே அப்படத்திலிருந்த வண்டி எண் அவருடைய சொத்து. அஃது என் கையில் இருந்த அமானிதம். அமானிதத்தை உரியவருக்குச் சேர்க்காமல் அழிப்பதற்கு எனக்கு உரிமை ஏது?

மறுநாள் காலை மாணவன் தன் மாமாவுடன் காவல் நிலையம் சென்றான் என்ற செய்தி வந்தது. நான் புறப்படும் வேளையில் அண்ணாச்சியின் மகன் என் வீட்டுக்கு வந்தான். நல்ல பிள்ளை, உழைப்பாளி. படத்தைக் கண்டவுடன் அவன் முகம் மாறிற்று. "ஐயா, அப்பா விலகுற இடத்தை மட்டும் வெட்டிட்டுக் குடுத்தா என்ன? வண்டி இடிச்சது உண்மைதானே?" என்றான். அவனுடைய துயரத்தில் நியாயம் இருந்தது. காயம் பட்டவரிடமும் கவனக்குறைவு இருந்ததென்று தீர்ப்பாயம் கருதினால் இழப்பீட்டில் ஒரு பங்கைக் குறைத்துவிடும் என்பதை யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். என் உள்ளமும் அவன் பக்கமே சாய்ந்தது. ஏழையின்பால் இரக்கங்கொண்டு நான்கு நொடிகளை நறுக்குவதில் என்ன கேடு என்று ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. ஆயினும் சாட்சி சொல்பவன் செல்வனுக்காக வளைவதும் கூடாது, வறியவனுக்காக வளைவதும் கூடாது என்பதே நான் ஓதியது. ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்று ஒரு குற்றம் உண்டு. அறிவிப்பாளர் பொய் எதுவும் சொல்லியிருக்கமாட்டார். இடையிலுள்ள ஒரு குறையை மட்டும் தெரியாதபடி மூடியிருப்பார். அதனாலேயே அவருடைய அறிவிப்பு வலுவிழக்கும். வெட்டிய படமும் அத்தகையதே. "தம்பி, வெட்டினதுன்னு தெரிஞ்சா மீதி உண்மையையும் யாரும் நம்பமாட்டாங்க. பள்ளம் இருந்ததும் படத்திலேதான் இருக்கு; அப்பா ஏன் விலகினாங்கன்னு அதுதான் சொல்லும்" என்றேன். அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு என்னோடு புறப்பட்டான்.

காவல் நிலையத்தில் எனக்குக் கற்றுக்கொள்ளக் கிடைத்தது ஒன்று. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தரும்போது அதனுடன் சான்றிதழ் ஒன்றையும் தரவேண்டும். அதன் முதற்பகுதியைக் கருவியைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவரும், இரண்டாம் பகுதியை வல்லுநரும் ஒப்பமிட வேண்டும். 'ஹாஷ் மதிப்பு' என்ற ஒன்றையும் அதில் குறிக்கவேண்டும். கோப்பிலுள்ள அனைத்தையும் கணக்கிட்டுப் பெறப்படும் எண்ணும் எழுத்தும் கலந்த நெடுந்தொடர் அது. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் தொடர் முழுவதும் மாறிவிடும். பழைய சாட்சியச் சட்டத்தின் காலத்திலும் இத்தகைய சான்றிதழின் இன்றியமையாமையை உச்சநீதிமன்றம் 2014இலும் 2020இலும் வலியுறுத்தியிருக்கிறது. எடுத்தவர் யார், யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது, இடையில் மாற்றம் உண்டா என்பவையே அங்குக் கேட்கப்பட்ட கேள்விகள். 'இஸ்னாத்' என்னும் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து பழகிய எனக்கு இக்கேள்விகள் அந்நியமாகத் தோன்றவில்லை. கார்டையே ஒப்படைத்து ஒப்புகை பெற்றேன். கேமராவின் கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தியிருந்ததையும், அதன் அகன்ற கண்ணில் தொலைவு மிகுந்து தோன்றும் என்பதையும் என் வாக்குமூலத்தில் நானே சேர்த்துச் சொன்னேன்.

மூன்றாவதாக ஒரு வேண்டுகோள் எஞ்சியிருந்தது. தெருவிலுள்ள இளைஞர் சிலர், அப்படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பினால் நியாயம் விரைவில் கிடைக்கும் என்றார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் அதைப் பரப்பியிருந்தால் அடுத்த நாழிகையில் என்ன நடந்திருக்கும்? இந்தப் பெயருடையவன் அந்தப் பெயருடையவரை இடித்தான் என்று எங்கோ இருக்கும் ஒருவர் தலைப்பிட்டிருப்பார். சாலையோரப் பள்ளமும், முதியவரின் ஒரு முழ விலகலும், இளைஞனின் அச்சமும் மறைந்துபோய், இரண்டு சமூகங்கள் மட்டும் எதிரெதிரே நின்றிருக்கும். தெருவில் வீழ்ந்து வேட்டி விலகிக் கிடந்த ஒரு முதியவரின் கோலத்தை ஊரெல்லாம் பார்த்திருக்கும். நீதிமன்றத்துக்குப் படம் சான்று. சந்தைக்கு அது வேடிக்கை. சான்றாக வேண்டியதை வேடிக்கையாக்க நான் உடன்படவில்லை.

முடிவையும் வாசகர்கள் அறிய விரும்புவார்கள். மாணவன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினான். இழப்பீட்டு வழக்கு 2025ஆம் ஆண்டில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி, "இது முழுப்படமா?" என்பதே. "முழுப்படம்" என்றேன். அண்ணாச்சி விலகியதைச் சுட்டி அவர்கள் தொகையில் ஒரு சிறுபங்கைக் குறைக்கத்தான் செய்தார்கள். அஃது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. நீதி எப்போதும் இனிப்பாக இருப்பதில்லை. ஆனால் வண்டி எவ்வளவு நெருங்கிச் சென்றது என்பதும் அதே படத்தில் இருந்தமையால், பெரும்பொறுப்பு வண்டியினுடையது என்பதை அவர்களால் மறுக்க முடியவில்லை. கிடைத்த தொகையில் அண்ணாச்சி கடன் தீர்த்து, வீட்டுவாசலில் சிறு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். மாணவன் அவருக்குச் சரக்கு இறக்கிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் செல்வதைக் கண்டவர்கள் சொல்லக் கேட்டேன். அதை நான் படமெடுக்கவில்லை.

இப்போது கேமராவைப் பொறுத்தவரை என் வீட்டில் ஒரு முறை வகுத்திருக்கிறோம். ஊர்த்தெருக்களில் உறை மூடியிருக்கும். பெருஞ்சாலையில் மட்டும் திறந்திருக்கும். விபத்தோ பெருங்கேடோ நிகழாத நாளின் பதிவை யாரும் பார்ப்பதில்லை. அது தானே அழிந்துபோகட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஒருவருடைய உரிமை அதில் அடங்கியிருக்குமானால் அன்றே கார்டைக் கழற்றி வைத்து, வெட்டாமல் ஒட்டாமல், சட்டம் காட்டும் இடத்தில் மட்டும் ஒப்படைப்போம். குற்றம் சாட்டப்படுகிறவர் அறிந்தவராயின், அவர் தாமாகச் சென்று உண்மையைச் சொல்வதற்கு முதல்வாய்ப்பை அளிப்போம்; ஆனால் அவருக்காகச் சான்றை மறைக்கமாட்டோம். படத்தைக் கைபேசிகளுக்கு அனுப்புவதில்லை.

கார்டிஃபிலிருந்து மருமகன் சென்ற மாதம் பேசியபோது, பின்புறமும் பார்க்கக்கூடிய புதிய கேமரா ஒன்று வந்திருப்பதாகவும், அடுத்த முறை வரும்போது கொண்டுவருவதாகவும் சொன்னார். கொண்டுவாருங்கள் மாப்பிள்ளை, உறை இரண்டாகத் தைக்கச் சொல்லுகிறேன் என்றேன். பக்கத்தில் இருந்த என் வீட்டார், துணி வீட்டிலேயே இருக்கிறது என்றார்.